தோசைக்கல்லில் பீட்சா, சோமாசி மடிப்பில் கால்சோன்

அடுப்படிக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பீட்சாவைப் பற்றியவை. பள்ளிக்கூட லீவு நேரம், வேறென்ன. திண்டுக்கல்லில் ஒரு சின்ன பேக்கரியில் 18 வருடம் மாவு பிசைந்தவள் என்பதால் எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். பன், ரொட்டி, பப்ஸ் எல்லாம் அங்கே பழகியவை. பீட்சா மட்டும் வேலையை விட்ட பிறகு, பேத்தியின் நச்சரிப்புக்காக வீட்டு அடுப்பில் நானாகக் கற்றுக்கொண்டது. அதனால் தோற்ற கதைகளும் கைவசம் நிறைய இருக்கின்றன.

எனக்கு இரண்டு பிள்ளைகள். ஞாயிறு வந்தால் பீட்சா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நாலு பேருக்குக் கடையிலிருந்து வரவழைத்தால் 700, 800 ஆகிவிடுகிறது. வீட்டில் ஓவன் கிடையாது. 200 ரூபாய்க்குள் வீட்டிலேயே செய்ய முடியுமா?
*வாசகி, கரூர்*

முடியும். போன ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தேன். 9 அங்குல அகலத்தில் இரண்டு பீட்சா. மைதா கால் கிலோ 13 ரூபாய், ஈஸ்ட் 5, எண்ணெய் 10, தக்காளி கால் கிலோ 10, பூண்டு 5, காய்கறி 25, மொசரெல்லா சீஸ் 100 கிராம் 65. மொத்தம் 133. கேஸைச் சேர்க்கவில்லை. உங்கள் ஊரில் அஞ்சு பத்து முன்னே பின்னே இருக்கும்.

இந்தக் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். சீஸ் தவிர்த்த எல்லாம் சேர்ந்து 68 ரூபாய், சீஸ் மட்டும் 65. கடையில் பார்த்தது மாதிரி வரட்டும் என்று நாம் சீஸை அள்ளிப் போடுகிறோம். மாவையோ அரை மணியில் பிசைந்து தட்டி வேலையை முடித்துவிடுகிறோம். நான் சொல்வது இதற்குத் தலைகீழ். சீஸைக் குறையுங்கள், மாவைக் காத்திருக்க வையுங்கள். காத்திருப்பதற்குக் காசா பணமா?

கால் கிலோ மைதாவுக்கு முக்கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், 160 மில்லி தண்ணீர். சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்தால் வறட்டியாக வரும். பரோட்டா மாவைப் போல, அதைவிட ஒரு சொட்டு இளக்கமாகவே இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் கையெல்லாம் ஒட்டும். அந்த நேரத்தில்தான் மாவைத் தூவிக்கொண்டே போகத் தோன்றும். தூவாதீர்கள். அப்படியே மூடிவைத்து, போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் கழித்துத் தொட்டால் அதே மாவு பாதி அடங்கியிருக்கும். அதற்கப்புறம் எட்டு நிமிடம் பிசைந்தால் போதும். சின்னத் துண்டைக் கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல், ஜன்னல் வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற அளவுக்குச் சவ்வாக விரிந்தால் மாவு தயார்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். எனக்குப் பிடித்த வழி வேறு. சனிக்கிழமை ராத்திரி, ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்துப் பிசைந்து, எண்ணெய் தடவிய டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். ஞாயிறு சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்தால் போதும். குளிரில் மெதுவாகப் புளித்த மாவுக்கு ஒரு வாசனை உண்டு. முதல் நாள் அரைத்துவைத்த இட்லி மாவுக்கும் அன்றே அரைத்த மாவுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

இனி சுடுவது. இத்தாலியில் நேப்பிள்ஸ் ஊர் விறகு அடுப்பில் 450 டிகிரியை ஒட்டிய சூடு, ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்து வெளியே வந்துவிடுகிறது. மேலும் கீழும் ஒரே நேரத்தில் வேகும். தோசைக்கல்லில் கீழே மட்டும்தான் சூடு. அதனால் திருப்பிப் போட்டே ஆகவேண்டும்.

கனமான இரும்புக் கல்லை மிதமான தீயில் காயவையுங்கள். மாவை இரண்டு உருண்டையாக்கி, ஒன்றைக் கையால் தட்டி அரை சென்டிமீட்டர் கனத்துக்கு விரித்து, முள்கரண்டியால் அங்கங்கே குத்துங்கள். கல்லில் கொஞ்சம் எண்ணெய் தடவிப் போட்டு, குழிவான மூடியால் மூடுங்கள். எங்கள் வீட்டில் இட்லிச் சட்டியின் மூடிதான். மூன்று நிமிடத்தில் மேலே கொப்புளம் கிளம்பி, அடியில் பழுப்புப் புள்ளி விழும். திருப்புங்கள், தீயை சிம்மில் வையுங்கள். வெந்து புள்ளி விழுந்த பக்கம் இப்போது மேலே இருக்கிறது. சாஸ், சீஸ், காய் எல்லாம் அதன்மேல். பச்சை மாவின்மேல் சாஸைத் தடவினால் அது ஊறிக் களியாகிவிடும்.

மறுபடி மூடி ஐந்தாறு நிமிடம். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். மூடியின் உள்பக்கம் ஆவி கோத்துக்கொண்டு சொட்டும். இரண்டு நிமிடம் கழித்து மூடியை நேராகத் தூக்கி, துணியால் துடைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். சாய்த்துத் தூக்கினால் அவ்வளவு தண்ணீரும் பீட்சாமேல் வழிந்துவிடும். சீஸ் உருகுவதற்குள் அடி கருகுகிறது என்றால் உங்கள் கல் மெல்லிசு. அடியில் இன்னொரு பழைய கல்லை வைத்து அதன்மேல் இதை வையுங்கள்.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் மாவு உப்பவே இல்லை. ஈஸ்ட் பாக்கெட்டில் தேதி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
*வாசகி, தேனி*

தேதி சரியாக இருந்தால் போதாது, பாக்கெட்டைப் பிரித்த பிறகு எங்கே வைத்தீர்கள்? அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி என்றால் ஈஸ்ட் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாலு மாதம் தாங்கும்.

அடுத்த சந்தேகம் தண்ணீர்மேல். "வெதுவெதுப்பான தண்ணீர்" என்று எழுதுகிறார்கள், நாம் டீ குடிக்கிற சூட்டில் ஊற்றிவிடுகிறோம். 60 டிகிரியைத் தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டைத் தாண்டக் கூடாது. உண்மையில் நம் ஊரில் தண்ணீரைச் சுட வைக்கவே தேவையில்லை. பேக்கரியில் சித்திரை, வைகாசியில் ஐஸ் கட்டி போட்டுத்தான் பிசைவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் இது தெரியாமல், மத்தியான நேரத்துக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். தொட்டியிலிருந்து வருகிற தண்ணீர், கை சுடும். பத்து கிலோ மாவு. ஈஸ்ட் சாகவில்லை, ஆனால் வெறி பிடித்த மாதிரி பொங்கி, தட்டில் வைப்பதற்குள் புளித்து அமுங்கிவிட்டது. அன்றைக்கு பன் எல்லாம் புளிச்ச வாடை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, சம்பளத்தில் மட்டும் பிடித்துக்கொண்டார்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். கால் டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு மூடிவையுங்கள். பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது. இல்லாவிட்டால் அதோடு போச்சு, கால் கிலோ மைதாவாவது மிஞ்சும்.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் தெரு பேக்கரியில் போய் 10 ரூபாய்க்கு ஈஸ்ட் கேளுங்கள். கட்டியாக, பனீர் மாதிரி உதிர்கிற ஈஸ்ட்டைக் கிள்ளிக் கொடுப்பார்கள். உலர்ந்த ஈஸ்ட்டைப் போல எடையில் மூன்று பங்கு போட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மைதா வேண்டாம் என்று மகன் சொல்கிறான். முழுக்க கோதுமையிலோ கேழ்வரகிலோ செய்தால் என்ன?
*வாசகர், வேலூர்*

செய்யலாம் ஐயா, ஆனால் பீட்சா என்று சொல்லிப் பரிமாறினால் பேரப்பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மாவு இழுபட்டு உப்புவதற்குப் பசைச்சத்து வேண்டும். கோதுமை மாவில் அது இருக்கிறது, கூடவே தவிடும் இருந்து அந்த இழையை அறுத்துவிடும். பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாகவே வருகிறது, தண்ணீர் மட்டும் இரண்டு மூன்று மேஜைக்கரண்டி கூடுதலாகக் குடிக்கும். பிசைந்த பிறகு இருபது நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் மறுபடி பிசையுங்கள். கேழ்வரகில் பசைச்சத்தே கிடையாது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அடை.

காய்கறி நிறையப் போட்டால் நடுவில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. தூக்கினால் காயெல்லாம் தட்டிலும் வெறும் ரொட்டி கையிலும் நிற்கிறது. கடையில் மட்டும் எப்படி?
*வாசகி, தாம்பரம்*

கடையில் போடுவது எண்ணி நாலு துண்டு குடைமிளகாய், நாலு வெங்காயம். அங்கே தண்ணீர் விட காய் ஏது? நாம்தான் பிள்ளைகள் காய் சாப்பிடட்டும் என்று குவிக்கிறோம். அது நல்லதுதான். ஆனால் எந்தக் காயும் தண்ணீர்ப் பை. அந்தப் பையை வெளியிலேயே காலிசெய்துவிட்டு உள்ளே விட வேண்டும்.

பச்சையாகவே போடக்கூடியது மெல்லிசாகச் சீவிய வெங்காயம், குடைமிளகாய், வேகவைத்து நன்றாக வடித்த சோளம் மட்டும்தான். குடைமிளகாய் விலை ஏறிக் கிடக்கும்போது பஜ்ஜி மிளகாயை விதை எடுத்து வளையமாக நறுக்குவேன். பாதி விலை, வாசனை அதைவிடத் தூக்கல்.

முட்டைகோஸை நூலாகச் சீவி, அரை டீஸ்பூன் உப்புப் பிசறி கால் மணி நேரம் கழித்துப் பிழியுங்கள். கால் கிலோவில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒருமுறை டம்ளரில் பிடித்துப் பார்த்தால், அதற்கப்புறம் பிழியாமல் போட மனசே வராது. பிழிந்ததை ஒரு ஸ்பூன் எண்ணெயில், பெரிய தீயில், ஓரம் சிவக்கிற வரை வதக்கினால் ஒரு தித்திப்பு வரும். குறைந்த செலவில் எனக்குத் தெரிந்த நல்ல பீட்சா காய் இதுதான். கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி உப்புத் தூவி வைத்து, ஒற்றியெடுத்து, கல்லில் இரண்டு பக்கமும் சுட்டுக்கொள்ளுங்கள். காளானை எண்ணெய் இல்லாத வெறும் வாணலியில் போட்டு, விட்ட தண்ணீரெல்லாம் வற்றி, வாணலியில் ஒட்ட ஆரம்பிக்கும்போது எண்ணெய் ஊற்றுங்கள். முதலிலேயே எண்ணெயும் உப்பும் போட்டால் அது வேகும், வதங்காது.

உருளைக்கிழங்கு பீட்சா என்றால் சிலர் சிரிக்கிறார்கள். ரோமில் அது சாதாரணமாகக் கடையில் வெட்டி விற்கிற பண்டம். ஓவனில் செய்கிறவர்கள் தாள் மாதிரிப் பச்சையாகவே சீவி அடுக்கலாம். கல்லில் செய்கிற நாம் முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறியபின் சீவ வேண்டும். மேலே மிளகுத்தூள், எண்ணெய், பூண்டு. சாஸ்கூட வேண்டியதில்லை.

முருங்கைக்கீரை போடுங்கள். ஒரு கைப்பிடி, பூண்டு நசுக்கி மொறுமொறுவென்று வதக்கியது. வாழைப்பூவையும் பொடியாக அரிந்து மோரில் போட்டு எடுத்து வதக்கிப் போட்டேன், நன்றாகத்தான் இருந்தது. பீர்க்கங்காய், சுரைக்காய், முள்ளங்கி மூன்றும் வேண்டாம். முயன்று பார்த்து, நானே உட்கார்ந்து சாப்பிட்டுத் தீர்த்ததால் சொல்கிறேன்.

அடுக்கும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாஸ் மெல்லிசாக, அடியில் ரொட்டி தெரிகிற அளவுக்கு. அதன்மேல் பாதி சீஸ். பிறகு காய். மிச்ச சீஸ் அங்கங்கே. கீழே உள்ள சீஸ் உருகிக் காயைப் பிடித்துக்கொள்ளும், தூக்கும்போது தட்டில் விழாது.

தக்காளி விலை ஏறினால் பீட்சாவே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. பாட்டில் சாஸ் வாங்கினால் மலிவா?
*வாசகி, ஒட்டன்சத்திரம்*

காய்கறி மார்க்கெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே இப்படிக் கேட்கலாமா? பாட்டில் வேண்டாம். பழம் மலிவாகக் கிடைக்கிற வாரம் இரண்டு கிலோ வாங்கி, பாதியாக அறுத்து, தேங்காய்த் துருவியில் இல்லை, கேரட் துருவியில் தேயுங்கள். தோல் கையோடு நின்றுவிடும், கொதிக்கவைத்து உரிக்கிற வேலை மிச்சம். நசுக்கிய பூண்டை எண்ணெயில் லேசாகப் பொரித்து, இந்த விழுதை ஊற்றி, கரண்டியில் ஒட்டி நிற்கிற வரை சுண்டவிடுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், புளிப்பு அதிகமென்றால் துளி சர்க்கரை. சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம் வரும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி நம்மையெல்லாம் ஆட்டிவைத்தது நினைவிருக்கும். அந்த மாதம் நான் மஞ்சள் பூசணியைத்தான் சாஸாக்கினேன். வேகவைத்து மசித்து, சுண்டைக்காய் அளவு புளியின் கரைசல், பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்துச் சுண்டவைத்தது. நிறமும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. பேத்தி கண்டுபிடித்துவிட்டாள், ஆனாலும் தட்டைக் காலி செய்தாள்.

வாசனைக்கு ஆரிகானோ பாக்கெட் தேடி அலையாதீர்கள். வீட்டு வாசலில் கற்பூரவல்லித் தொட்டி இருக்கிறதா? இரண்டே இலை, மிகப் பொடியாக நறுக்கி, சாஸ் இறக்குவதற்கு முன்னால் போடுங்கள். வாசனை அதே வழியில் போகும். மூன்றாவது இலை போட்டால் சளிக் கஷாயம் ஆகிவிடும், எச்சரிக்கை. பேசில் என்று படத்தில் பீட்சாமேல் பச்சையாகக் கிடக்கிறதே, அது நம் திருநீற்றுப்பச்சிலை இனம்தான். ஃபலூடாவில் போடுகிற சப்ஜா விதை அதனுடைய விதை. ஒரு ஸ்பூன் சப்ஜாவைத் தொட்டியில் தூவிவிட்டால் ஒரே வாரத்தில் முளை தெரியும்.

பாலில் வினிகர் ஊற்றி வீட்டிலேயே மொசரெல்லா செய்கிற வீடியோ பார்த்தேன். செலவு குறையுமா? சீஸே இல்லாமல் செய்தால் அது பீட்சா ஆகுமா?
*வாசகி, நாகர்கோவில்*

முதல் கேள்விக்கு, குறையாது. ஒரு லிட்டர் பாலில் 100 கிராம் கிடைத்தால் பெரிய விஷயம். பால் 60 ரூபாய். கடையில் அதே 100 கிராம் 65. அஞ்சு ரூபாய்க்காகச் சுடுகிற பால்கட்டியைக் கையால் பிசைந்து இழுக்க வேண்டுமா? அதோடு, காய்ச்சிய பாலில் அந்த இழை வராது. பெரும்பாலும் பனீருக்கும் மொசரெல்லாவுக்கும் நடுவில் ஒன்றாக நிற்கும். நானும் ஒருமுறை செய்தேன், மறுநாள் அது பட்டாணி மசாலாவுக்குள் போனது.

சதுரமாகவும் துண்டு துண்டாகவும் வருகிற பதப்படுத்திய சீஸ் விலை குறைவுதான், ஆனால் உருகிக் கூழாகுமே தவிர நூலாக இழுபடாது. 70 கிராம் மொசரெல்லாவோடு 30 கிராம் பனீரை உதிர்த்துக் கலந்து பாருங்கள். பார்வைக்கு நிறைய இருக்கும், இழையும் வரும். கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவும் முன் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் கையோடு ஒட்டாது.

சீஸ் இல்லாவிட்டாலும் பீட்சாதான். நேப்பிள்ஸில் மரினாரா என்று ஒன்று உண்டு. தக்காளி, பூண்டு, ஆரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவின் பாரம்பரியச் செய்முறையைப் பதிவு செய்தபோது அதில் மரினாராவும் இருந்தது. அதனால் மாசக் கடைசியில் சீஸ் இல்லாமல் செய்துவிட்டு, "இதுதான் அசல்" என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள். பூண்டை மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

நாங்கள் நாலு பேர் ரூமில் தங்கி வேலைக்குப் போகிறோம். கால்சோன் என்று ஒன்று சாப்பிட்டேன், உள்ளே காயும் சீஸுமாக இருந்தது. ஒன்றை மதியத்துக்கு டப்பாவில் எடுத்துப்போகலாம் போலிருக்கிறது. ஒரே ஒரு வாணலியும் தோசைக்கல்லும்தான் எங்களிடம் உண்டு.
*வாசகர், சென்னை*

தம்பி, சோமாசி சாப்பிட்டிருக்கிறாயா? அம்மா தீபாவளிக்குச் செய்வார்களே, அதே மடிப்புதான். பீட்சா மாவை வட்டமாகத் தட்டி, ஒரு பாதியில் பூரணம் வைத்து, மறு பாதியை மேலே மூடி ஓரத்தை ஒட்டினால் கால்சோன். இத்தாலிக்காரர்கள் கால்ட்சோனே என்பார்கள். கால்சட்டை என்கிற சொல்லோடு சேர்ந்த பெயர்.

கால் கிலோ மைதா மாவில் நாலு உருண்டை வரும். ஒவ்வொன்றும் 100 கிராமுக்குச் சற்று மேல், ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குச் சரி. ஆறங்குல வட்டமாகத் தட்டு. நடுவைவிட ஓரம் மெல்லிசாக இருக்க வேண்டும், மடிக்கும்போது ஓரம் இரட்டிப்பாகிவிடும் அல்லவா. பூரணம் மூன்று மேஜைக்கரண்டி, அதற்குமேல் ஆசைப்படாதே. ஓரம் முழுக்க விரலால் தண்ணீர் தொட்டுத் தடவி, மூடி, உள்ளே இருக்கிற காற்றை உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளிவிட்டு அழுத்து. பிறகு ஒரு முனையைப் பெருவிரலால் உள்பக்கமாக மடித்து அழுத்தி, அதன்மேல் அடுத்த மடிப்பு, அதன்மேல் அடுத்தது என்று கயிறு திரிக்கிற மாதிரி கடைசிவரை போ. இது கை வராவிட்டால் முள்கரண்டியால் ஓரமெல்லாம் அழுத்து, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மேலே கத்தியால் இரண்டு சின்னக் கீறல் போட மறக்காதே. ஆவி போக வழி வேண்டும்.

பூரணத்துக்கு உங்கள் ரூமுக்குச் சுலபமானது உருளைக்கிழங்கும் பட்டாணியும். இல்லாவிட்டால் முன்னால் சொன்ன முட்டைகோஸ், கேரட், வெங்காயம் வதக்கியது. சாஸை உள்ளே ஊற்றாதே, ஒரே ஒரு ஸ்பூன் தடவு. மிச்சத்தைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள். ஒவ்வொன்றிலும் 20 கிராம் சீஸ் போதும். உள்ளே மூடிக்கிடப்பதால் குறைந்த சீஸும் நிறைய இருக்கிற மாதிரி தெரியும். அந்த வகையில் பீட்சாவைவிடக் கால்சோன் சிக்கனம். காயோடு சேர்த்து ஒன்று 30 ரூபாய்க்குள் அடங்கும்.

தோசைக்கல்லில் சிம்மில் வைத்து, மூடி, ஒரு பக்கம் எட்டு நிமிடம், திருப்பி ஏழு நிமிடம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவு. ஓவன் இருக்கிற வீட்டில் 220 டிகிரியில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டப்பாவில் சூடாக வைத்து மூடாதே, வேர்த்துவிடும். தட்டில் ஆறவிட்டு அப்புறம் வை.

எண்ணெயில் பொரிக்கலாமா என்று அடுத்து கேட்பாய், தெரியும். பொரிக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நேப்பிள்ஸில் அடுப்புகள் இடிந்து, பொருளும் கிடைக்காத காலத்தில், பெண்கள் வீட்டு வாசலிலேயே எண்ணெய்ச் சட்டி வைத்து பீட்சாவைப் பொரித்து விற்றார்கள். "இன்று சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் காசு கொடு" என்ற கணக்கு. நம் தெருமுனைக் கடைப் பற்று நோட்டு மாதிரிதான்.

ஆனால் பொரிப்பதற்கு உருண்டை சின்னதாக, 60 கிராம் இருக்க வேண்டும், பூரணம் காய்ந்திருக்க வேண்டும், கீறல் போடவே கூடாது. என் மணிக்கட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு இருக்கிறது. பிழியாத முட்டைகோஸை வைத்து மூடி எண்ணெயில் விட்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை, அழகாக மிதந்தது. திருப்பிவிடலாம் என்று கரண்டியை வைத்த நேரத்தில் ஓரம் பிளந்து உள்ளே இருந்த தண்ணீர் எண்ணெயில் கொட்டியது. சுவரில் தெறித்த எண்ணெய்க் கறை வெள்ளையடிக்கிற வரை இருந்தது. முதல் நாலைந்து தடவை கல்லிலேயே சுடு. மடிப்பு கைக்குள் வந்த பிறகு வாணலியை எடு.

மகளின் பிறந்தநாளுக்கு 15 பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு அடுப்பில் ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டு நிற்க முடியாது. முதல் நாளே செய்து வைக்கலாமா?
*வாசகி, புதுக்கோட்டை*

வைக்கலாம், முழுக்க அல்ல. முதல் நாள் சாயங்காலம் ஒரு கிலோ மைதாவில் மாவு பிசைந்து, ஐந்து அங்குலத்தில் சின்னச் சின்னதாகத் தட்டி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிடம் மட்டும் கல்லில் போட்டு எடுங்கள். 18, 20 வரும். நிறம் ஏறக்கூடாது, வெள்ளையாக, தொட்டால் ஒட்டாத பதம். நன்றாக ஆறவிட்டுத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்துவிடலாம். சூட்டோடு அடுக்கினால் காலையில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரொட்டியாக இருக்கும். சாஸும் வதக்கிய காயும் அன்றே தயார் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

மறுநாள் பிள்ளைகள் கையிலேயே விட்டுவிடுங்கள். ஒரு தட்டில் காய், ஒரு கிண்ணத்தில் சாஸ், சீஸை மட்டும் நீங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் நாலு பேரோடு தீர்ந்துவிடும். அவரவர் அலங்கரித்துக் கொடுப்பதை நீங்கள் மூன்று மூன்றாகக் கல்லில் வைத்து மூடி நாலு நிமிடத்தில் எடுத்துவிடலாம். தன் கையால் வைத்த கத்தரிக்காயைப் பிள்ளைகள் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தினமும் நடக்கும் என்று சொல்லமாட்டேன்.

மீந்த பீட்சாவை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் ஆகிறது. வேறு வழி?
*வாசகி, ஈரோடு*

காய்ந்த கல்லில், சிம்மில், எண்ணெய் இல்லாமல் இரண்டு நிமிடம். அடி மொறுமொறுப்பு ஆனதும் கல்லின் ஓரத்தில், பீட்சாமேல் படாமல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து உடனே மூடுங்கள். அந்த ஆவியில் சீஸ் இளகிவிடும். ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.